நீரை இறைத்த நீர்: ஷ்டியாவ்னிட்சாவின் சுரங்கக் குளங்கள்

சுரங்கத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொன்னிலிருந்தோ வெள்ளியிலிருந்தோ தொடங்குவர். உண்மையில் அதை நீரிலிருந்து தொடங்குவதே முறை. பூமியைக் குடையக் குடைய நிலத்தடி நீர் ஊறிவந்து குழியை நிரப்பும். அதை இரவும் பகலும் இறைத்து வெளியேற்ற ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் இல்லாத இடத்தில் எத்துணை வளமான தாதுப்படலமும் நீருக்கடியில் கிடக்கும் பயனற்ற செல்வமே.

இந்தச் சிக்கலுக்கு 18ஆம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவின் மலைநகர் ஒன்று கண்ட விடையைப் பற்றியது இக்கட்டுரை. சுரங்கத்துள் பெருகும் நீரை வெளியேற்ற, அந்நகர மக்கள் மலைமேல் குளங்களை அமைத்து மேலும் நீரைச் சேர்த்தனர். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இவ்விடை, நீராவிப் பொறியை அறியாதோரின் பழைய முறை அன்று. நீராவிப் பொறியைக் கண்ணாரக் கண்டு, இயக்கிப் பார்த்து, அதன் பிறகும் குளமே தக்கது என்று முடிவு செய்தவர்களின் விடை அது. தொழில்நுட்ப வரலாற்றை நாம் படிக்கும் முறையையே சற்று அசைத்துப் பார்க்கும் செய்தி இதில் உள்ளது.

அந்நகரின் இன்றைய பெயர் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா. இன்று ஸ்லோவாக்கியா நாட்டின் நடுப்பகுதியில் உள்ளது. ஜெர்மானியர் இதனை ஷெம்னிட்ஸ் என்றனர். ஹங்கேரியர் ஷெல்மெட்ஸ்பான்யா என்றனர். நாம் பேசும் காலத்தில் இது ஹங்கேரி அரசின் நகராக, ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. தொல்பழங்காலத்து எரிமலை ஒன்றின் எச்சமான மலைத்தொடரில், வெள்ளியும் பொன்னும் படிந்த பாறைகளின் மேல் அமைந்த ஊர். சுரங்கத்தில் வெடிமருந்தைப் பயன்படுத்திய மிக முற்பட்ட பதிவுகளுள் ஒன்றும் இவ்வூரினதே. 1627இல் காஸ்பர் வைண்டல் என்பவர் இங்குள்ள சுரங்கமொன்றில் வெடிமருந்தால் பாறையைப் பிளந்து காட்டினார்.

வெடிமருந்து வந்தபின் சுரங்கங்கள் விரைவாக ஆழமாயின. ஆழம் கூடக் கூட நீரும் கூடியது. மலையின் தாழ்ந்த பக்கத்திலிருந்து கிடைமட்டமாகக் குடைந்த வடிகால் சுரங்கங்கள், தம் மட்டத்திற்கு மேலுள்ள நீரை மட்டுமே தாமாக வடிக்கும். அதற்குக் கீழே உள்ள நீரை யாரேனும், எதனாலேனும், அந்த மட்டம் வரை தூக்கியாக வேண்டும். மனிதர் தூக்கினர், குதிரைகள் செக்குபோல் சுற்றிவந்து உருளைகளைச் சுழற்றித் தூக்கின. குதிரைகளின் தீவனச் செலவே சுரங்கத்தின் வருவாயைத் தின்னும் நிலை வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நீரில் மூழ்கி, அவற்றை மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு நெருக்கடி முற்றியது.

நீர்ச்சக்கரம் வைத்து இறைப்பதே மலிவான வழி என்பதை அன்றைய சுரங்கத் தொழிலாளர் அனைவரும் அறிவர். ஆனால் ஷ்டியாவ்னிட்சா மலையின் மேற்பகுதியில், நீர்பிரிமேட்டுக்கு அருகே அமைந்த ஊர். சக்கரத்தை ஆண்டு முழுதும் சுழற்றத்தக்க ஆறு எதுவும் அங்கில்லை. இருந்தவை சிற்றோடைகள், வானத்து மழை, குளிர்காலத்துப் பனி ஆகியவை மட்டுமே.

இந்த இடத்தில்தான் நீராவிப் பொறி கதைக்குள் வருகிறது. இங்கிலாந்தில் நியூகோமன் தம் பொறியை 1712இல் நிறுவினார். பத்தே ஆண்டுகளில், 1722இல், ஐசக் பாட்டர் என்ற ஆங்கிலேயர் ஷ்டியாவ்னிட்சாவுக்கு அண்டையிலுள்ள நோவா பான்யா என்னும் சுரங்க ஊரில் அத்தகைய பொறியொன்றை இயக்கினார். ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் சுரங்க நீரை இறைத்த முதல் நீராவிப் பொறிகளுள் அது ஒன்று. 1730களில் யோசெஃப் இமானுவேல் ஃபிஷர் ஃபொன் எர்லாஹ் என்பவர் ஷ்டியாவ்னிட்சாவை ஒட்டிய விண்ட்ஷாக்ட் சுரங்கங்களிலேயே மேலும் சில நீராவிப் பொறிகளை நிறுவினார். எனவே, தொழிற்புரட்சியின் அடையாளமாக நாம் கருதும் அப்பொறி இம்மலைக்கு மிக முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது.

வந்த பொறி ஓடவும் செய்தது. ஆயினும் அது கணக்கில் தோற்றது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் நியூகோமன் பொறிக்கு எரிபொருள் காலடியிலேயே கிடந்தது. விற்க இயலாத கரித்தூளைக்கூட அது தின்று உழைத்தது. இம்மலையில் கொதிகலனுக்கு விறகே உணவு. அதே விறகுதான் சுரங்கத்தின் கூரையைத் தாங்கும் மரமாகவும், தாதுவை உருக்கும் உலைக்கு மரக்கரியாகவும் வேண்டியிருந்தது. காட்டைப் பொறிக்குக் கொடுத்தால் உலை அவியும். நீர் இறைத்து எடுத்த தாதுவை உருக்க இயலாமற்போகும். ஒரே பொறி ஓரிடத்தில் ஆதாயமாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் இருந்ததற்கு இதுவே காரணம்.

இச்சூழலில்தான் மழையைச் சேர்த்து வைக்கும் பழைய யோசனை புதிய அளவில் எழுந்தது. குளம் வெட்டுதல் அவ்வூருக்குப் புதிதன்று; 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. பொறி மேற்பார்வையாளராக இருந்த மத்தேயுஸ் கொர்னேலியுஸ் ஹெல், குளத்து நீரால் இயங்கும் இறைப்பொறிகளை அமைத்து, மூழ்கிய சுரங்கங்களை மீட்கலாம் என்று நிறுவினார். அவருடைய முயற்சியைப் பேரளவில் விரித்தவர் சாமுயேல் மிகோவினி. நிலவரைபடக் கலைஞர், கணிதர், பொறியாளர் எனப் பலதுறை அறிந்தவர். 1735இல் ஷ்டியாவ்னிட்சாவில் தொடங்கப்பட்ட சுரங்கப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்த அவர், 1750இல் இறக்கும் வரை இம்மலையின் நீரை ஒழுங்குபடுத்துவதில் பெரும்பங்கு ஆற்றினார்.

மிகோவினி நிலவரைபடக் கலைஞர் என்பது இங்கே தற்செயலான செய்தியன்று. இக்குளங்களின் உயிர் அவற்றின் கரையில் இருப்பதினும் அவற்றுக்கு நீர் கொணரும் வரத்துக்கால்களில் இருந்தது. ஒவ்வொரு குளத்திற்கும் இயற்கையாக அமைந்த நீர்ப்பிடிப்புப் பரப்பு மிகச் சிறிது. அதை விரிக்க, மலைச்சரிவுகளின் குறுக்கே, சரிவு இருக்கிறதா இல்லையா என்று ஐயுறத்தக்க மெல்லிய சாய்வில், வளைந்து வளைந்து செல்லும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் அவை சிறு சுரங்கத்தின் வழி மலையைத் துளைத்து மறுபக்கத்து நீரையும் கொண்டுவந்தன. சாய்வு சற்று மிகுந்தால் நீரின் உயரம் வீணாகும். குறைந்தால் நீர் தேங்கி நிற்கும். இழந்த ஒவ்வொரு முழ உயரமும் இழந்த ஆற்றலே. ஆகையால் மலையை நுட்பமாக அளக்கத் தெரிந்தவரே இங்கே குளம் அமைக்க இயலும்.

தமிழ் வாசகருக்கு இக்குளத்தின் உறுப்புகள் புதியவையல்ல. வரத்துக்கால், கரை, மதகு, மிகுநீர் வழியும் கலங்கல் ஆகியவை இங்கும் உண்டு. மதகைத் திறந்ததும் நீர் செல்லும் இடம்தான் வேறு. அது வயலுக்குப் போகவில்லை. கால்வாய் வழியே சுரங்கத்தின் வாய்க்குச் சென்று, சக்கரங்களையும் பொறிகளையும் இயக்கியது. தாதுவை இடிக்கும் உலக்கைகளையும் அதுவே உயர்த்தித் தாழ்த்தியது. இக்குளங்களில் தேக்கி வைக்கப்பட்டது நீர் என்பதைவிட உயரம் என்பதே பொருந்தும். மலையுச்சியில் நிற்கும் ஒரு கன அளவு நீர், கீழே இறங்கும்போது ஆற்றவிருக்கும் வேலையைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது.

அதனால்தான் ஒருமுறை பயன்பட்ட நீரை வீணே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. மேற்குளத்திலிருந்து இறங்கிய நீர் ஒரு வேலையைச் செய்து முடித்ததும் கீழ்க்குளத்தில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து மீண்டும் இறங்கி இன்னொரு வேலை செய்தது. இன்று ஷ்டியாவ்னிட்ஸ்கே பானே என்று வழங்கும் பழைய விண்ட்ஷாக்ட் பகுதியில், ரிக்னியாவா, பக்கோமி, எவிச்கா, விண்ட்ஷாக்ட் என்று அடுக்கடுக்காக இறங்கும் குளத்தொடரை இன்றும் காணலாம்.

இக்குளங்களுள் ரோஸ்கிரண்ட் தனித்துக் குறிக்கத்தக்கது. 1743, 1744 ஆகிய ஆண்டுகளில் மிகோவினியின் திட்டப்படி எழுந்தது. குறுகிய பள்ளத்தாக்கை அடைத்து நிற்கும் அதன் மண்கரை, அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுடையது. மண்கரையைப் பொதுவாக அகன்ற அடியும் சாய்ந்த பக்கங்களுமாக அமைப்பர். ரோஸ்கிரண்டின் சரிவோ அக்காலத்துக்கு வியப்பூட்டும் செங்குத்து. இரண்டே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அக்கரை நிற்கிறது. பெரிய குளமான போச்சூவத்லோ 1775 முதல் 1779 வரை கட்டப்பட்டது. ஜேம்ஸ் வாட்டின் மேம்பட்ட நீராவிப் பொறிகள் இங்கிலாந்தில் முதன்முதலாகத் தொழிலுக்கு வந்த ஆண்டு 1776. அதாவது, பாடநூல்களில் நீராவி யுகம் தொடங்கும் அதே ஆண்டில் இம்மலையில் மண்கரை எழும்பிக்கொண்டிருந்தது.

காலப்போக்கில் ஏறத்தாழ 60 குளங்களும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய்களும் ஒரே அமைப்பாக இணைந்தன. குளங்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 70 லட்சம் கனமீட்டர். மிகோவினியின் பெயரும் ஹெல் குடும்பத்தின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. கூடையில் மண் சுமந்தவர், களிமண்ணைத் திமிசால் இடித்து இறுக்கியவர், ஆண்டுதோறும் கால்வாயில் விழும் இலையையும் பனியையும் அள்ளியவர் ஆகியோரின் பெயர்களை அந்நூல்கள் சொல்வதில்லை. ஆனால் இத்தகைய அமைப்பை ஒருமுறை கட்டி முடித்துவிட இயலாது. நாள்தோறும் பேணினால்தான் அது அமைப்பாக நிற்கும். ஒரு கால்வாய் ஓரிடத்தில் உடைந்தால் அதன் கீழுள்ள குளம், சக்கரம், சுரங்கம் அனைத்தும் நின்றுவிடும்.

குளம் மலையில் உயரத்தைச் சேமித்தது சரி. அந்த உயரம் முழுவதையும் வேலையாக மாற்றுவது எப்படி? நீர்ச்சக்கரத்தால் தன் விட்டத்தின் அளவுக்கு உரிய வீழ்ச்சியை மட்டுமே பயன்படுத்த முடியும். இக்குறையைத் தீர்த்தவர் மத்தேயுஸ் ஹெல்லின் மகன் யோசெஃப் கரோல் ஹெல். 1749இல் அவர் லியோபால்ட் சுரங்கக்குழியில் நீர்த்தூண் பொறியை இயக்கினார். நெடிய குழாயில் செங்குத்தாக நிற்கும் நீரின் அழுத்தம் உருளைக்குள் உள்ள உந்துதண்டைத் தள்ளும். உந்துதண்டு அடியாழத்து நீரை மேலேற்றும். 100 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண் ஏறத்தாழ பத்து வளிமண்டல அழுத்தத்தைத் தரும். சக்கரம் சில மீட்டர் வீழ்ச்சியையே பயன்படுத்திய இடத்தில், இப்பொறி குழாயின் முழு உயரத்தையும் பயன்கொண்டது. வேலை முடித்த நீரும் இறைக்கப்பட்ட நீரும் ஒருங்கே வடிகால் சுரங்கத்தின் வழி வெளியேறின. நெருப்பில்லை, விறகில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வின்டர்ஷ்மிட் என்பாரும் இத்தகைய பொறியை உருவாக்கினார். அங்கும் மலைமேல் குளங்களே ஆற்றலின் ஊற்று என்பதை நோக்க, ஒத்த தேவை ஒத்த அறிவைத் தூண்டியது எனலாம்.

ஹெல் அத்துடன் நிற்கவில்லை. விழும் நீரால் காற்றை அழுத்தி, அழுத்திய காற்றால் ஆழத்து நீரை உந்தி மேலேற்றும் மற்றொரு பொறியையும் 1750களில் அமைத்தார். அப்பொறியிலிருந்து காற்று சீறி வெளியேறும்போது, அதிலுள்ள ஈரம் பனிக்கட்டியாக உறைந்தது. காண வந்தோர் வியந்த இக்காட்சியை, காற்று விரியும்போது குளிரும் என்பதற்குச் சான்றாக, எராஸ்மஸ் டார்வின் 1788இல் லண்டன் அரச கழகத்தில் வெளியான தம் கட்டுரையில் எடுத்தாண்டார். ஒரு மலைக்குளத்தின் நீர் இவ்வாறு வெப்பவியலின் வரலாற்றிலும் சிறிது இடம்பெற்றுவிட்டது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை இக்குளங்களிடம் இழுத்தது அவற்றின் பெயர். ஸ்லோவாக்கிய மொழியில் ஏரிக்கு யசெரோ என்றும், மீன்குளத்துக்கு ரிப்னீக் என்றும், நீர்த்தேக்கத்துக்கு நாத்ர்ஷ் என்றும் சொற்கள் உள்ளன. ஆயினும் ஷ்டியாவ்னிட்சாவின் சுரங்கக் குளங்களைக் குறிக்கத் தாய்ஹ் என்ற தனிச்சொல்லே வழங்குகிறது. நம் செவிக்குத் 'தாய்' என்று ஒலித்தாலும் தமிழுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒப்புமை மட்டும் உறவாகாது. இது குளம் எனப் பொருள்படும் தைஹ் என்ற ஜெர்மன் சொல்லின் கடன். ஜெர்மனில் அச்சொல்லுக்கு உடன்பிறந்தது தடுப்புக்கரையைக் குறிக்கும் டைஹ் என்ற சொல். ஆங்கிலத்தில் கரையைக் குறிக்கும் டைக், பள்ளத்தைக் குறிக்கும் டிட்ச் ஆகியவையும் அதே குடும்பம். தோண்டினால் பள்ளம்; தோண்டிய மண்ணைக் குவித்தால் கரை; கரைக்குப் பின் நிற்பது குளம். ஒரே உழைப்பின் மூன்று விளைவுகளை ஒரே சொற்குடும்பம் பகிர்ந்துகொண்டிருக்கிறது.

இடைக்காலம் முதலே ஜெர்மன் பேசும் சுரங்கத் தொழிலாளர் இம்மலையில் குடியேறினர். சுரங்கக்குழிக்கு ஷாக்தா, கிடைச்சுரங்கத்துக்கு ஷ்டோல்னியா என ஸ்லோவாக்கியத்தில் வழங்கும் சொற்களும் அவர்களிடமிருந்து வந்தவையே. ரோஸ்கிரண்ட் என்பதும் 'குதிரைப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் ஜெர்மன் பெயரின் திரிபு. எதிர்த்திசையிலும் சொற்கள் பயணம் செய்தன. ஷ்டியாவ்னிட்சா என்பது புளிப்புச் சுவையுள்ள நீரோடையைச் சுட்டும் ஸ்லாவியப் பெயர். ஜெர்மானியரின் ஷெம்னிட்ஸ் அதிலிருந்து பிறந்தது. ஹங்கேரியப் பெயரின் ஈற்றிலுள்ள பான்யா, சுரங்கத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லின் கடன். ஊரின் பெயரை ஜெர்மானியர் ஸ்லாவியரிடமிருந்து பெற்றனர். குளத்தின் பெயரை ஸ்லாவியர் ஜெர்மானியரிடமிருந்து பெற்றனர்.

ஹெல் குடும்பத்திலிருந்து என் துறைக்கும் ஒரு வழி செல்கிறது. பொறியாளர் யோசெஃப்பின் தம்பி மாக்சிமிலியான் ஹெல், இயேசு சபைத் துறவி, வியன்னா வானாய்வகத்தின் தலைவர். 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண நார்வேயின் வடகோடியிலுள்ள வார்டே தீவுக்குச் சென்றபோது, யானோஷ் ஷாய்னோவிச் என்ற ஹங்கேரியத் துறவியை உடன் அழைத்துச் சென்றார். வானத்தை அளக்கச் சென்ற ஷாய்னோவிச் அங்குள்ள சாமி மக்களின் மொழியைக் கேட்டு, அதற்கும் ஹங்கேரியத்துக்கும் உள்ள உறவை நிறுவும் நூலை 1770இல் வெளியிட்டார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் வடமொழி பற்றிய தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்துவதற்கு 16 ஆண்டுகள் முன்னர் இது நிகழ்ந்தது. ஒப்பீட்டு மொழியியலின் தொடக்கங்களுள் ஒன்று, சுரங்கப் பொறியாளர் வீட்டில் வளர்ந்த ஒருவரின் பயணத்தால் வாய்த்தது.

குளங்களின் தேவை மெல்லக் குறைந்த கதையும் நீராவியின் எளிய வெற்றிக்கதையன்று. 1782இல் ஹ்ரோன் ஆற்றங்கரையிலுள்ள வோஸ்னிட்சாவிலிருந்து புதிய வடிகால் சுரங்கம் ஒன்றைக் குடையத் தொடங்கினர். அது முடிந்த ஆண்டு 1878. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம், முன்னிருந்த வடிகால்களைவிட மிக ஆழமான மட்டத்தில் நீரைத் தானாகவே ஆற்றுக்கு வடித்தது. இறைக்க வேண்டிய உயரம் குறைந்தது. இறைத்த குளங்களின் பணியும் குறைந்தது. தொடங்கியவர்களில் ஒருவர்கூட அதன் முடிவைக் கண்டிருக்க இயலாது. குளங்களைப் பேணிய அதே பொறுமைதான் இதையும் முடித்தது.

சுரங்கப் பள்ளி 1762இல் கல்விக்கழகமாக உயர்த்தப்பட்டு, ஐரோப்பாவின் தொடக்ககாலத் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. முதல் உலகப்போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது, 1919இல் அது ஹங்கேரியின் ஷோப்ரோன் நகருக்குப் பெயர்ந்தது. ஜெர்மன் பேச்சு இம்மலையில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வெள்ளிச் சுரங்கங்களும் ஓய்ந்தன. 1993இல் நகரையும் அதைச் சூழ்ந்த தொழில்நுட்பச் சின்னங்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 60 குளங்களுள் இன்று இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன.

பழைய தொழில்நுட்பங்களை நாம் இரண்டு வகையில் தவறாக எடைபோடுகிறோம். ஒன்று, பின்னர் வந்தது எதுவோ அதுவே மேலானது என்று கொள்வது. மற்றொன்று, பழையது யாவும் இயற்கையோடு இயைந்த தூய்மை என்று போற்றுவது. இக்குளங்கள் இரண்டுக்கும் இடந்தருவதில்லை. வெள்ளிக்காகப் பேரரசு ஒன்று மலையைக் குடைந்தபோது எழுந்தவை இவை. இவற்றின் உலக்கைகள் இடித்த தாது, காட்டை எரித்த உலைக்கே சென்றது. அதே வேளையில், தமக்குக் கிடைத்த மழை எவ்வளவு, உயரம் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று கணக்கிட்டு, புகழ்பெற்ற புதுப்பொறியை மறுக்கும் துணிவும் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கணக்கு, அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் சரியாகவே இருந்தது.

இன்று கோடைக்காலத்தில் இக்குளங்களில் மக்கள் நீந்துகின்றனர். தூண்டிலிட்டு மீன் பிடிக்கின்றனர். அவர்களுள் பலர் அதை இயற்கை ஏரி என்றே எண்ணக்கூடும். ஆனால் அவர்கள் அதை அழைக்கும் பெயர் ஏரி என்று சொல்வதில்லை. தாய்ஹ் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், ஊரைவிட்டு மறைந்த ஒரு மொழியில், இது தோண்டி உண்டாக்கப்பட்டது என்ற செய்தி மீண்டும் ஒருமுறை பதிவாகிறது.